அமைதிக்கு ஒன்பதரை மதிப்பெண்

பிப்ரவரி 3, திங்கள்

வாசலில் புதுக் கார் வந்து நிற்கிறது. சாம்பல் நிறம். வழக்கம்போல் எங்களுடையது இல்லை. இவர் கார் பத்திரிகையில் வாங்குபவர்களுக்கான வழிகாட்டி எழுதுகிறவர். கம்பெனிக்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். இவர் ஓட்டிப் பார்த்து எழுதி முடித்ததும் திரும்ப எடுத்துப் போவார்கள். இத்தனை வருஷத்தில் எங்கள் வாசலில் நிற்காத கார் இல்லை, எங்கள் பேரில் ஒரு கார்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரர் புதிதாகக் குடிவந்தபோது நாங்கள் திருட்டு வண்டி வியாபாரம் செய்கிறோம் என்றே முடிவு கட்டியிருந்தாராம்.

அடுத்த இதழுக்குச் சிறிய சொகுசு செடான். மூன்று கம்பெனிகள், மூன்று வண்டிகள். வெள்ளையும் நீலமும் வந்து போய்விட்டன, சாம்பல்தான் கடைசி. "பெரிய கார் ஆசையும் சின்னத் தெருவும் உள்ளவங்களுக்கான வண்டி இது" என்பார் இவர். தோல் இருக்கை, மரப் பலகை, எங்கே தொட்டாலும் மெத்தென்று இருக்கிறது. ஆனால் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் மூச்சு விட அனுமதி கேட்க வேண்டும்.

என் வேலை பின் சீட்டில் உட்காருவது. கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். முன் சீட்டைத் தன் உயரத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டு, எனக்கு முட்டி இடிக்கிறதா, ஏசி காற்று வருகிறதா, பள்ளத்தில் தூக்கிப் போடுகிறதா என்றெல்லாம் கேட்பார். நான் சொல்வதைத்தான் 'பின் இருக்கை' என்ற தலைப்பில் எழுதுவார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு உட்காருவதற்கு என்ன வலிக்கிறது? சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் இவரை என் டிரைவர் என்று நினைப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தம்பி போன் செய்தான். குழாய் வார்க்கும் ஆலையில் மேற்பார்வையாளன். "அக்கா, நாள் பூரா இரைச்சல்ல நிக்கிறேன். காதுல அடைப்பான் போட்டாலும் மண்டைக்குள்ள இடிக்குது. வீட்டுக்குப் போற நேரமாவது நிம்மதியா இருக்கணும். மூணுல எது சத்தமில்லாததுன்னு மாமாவைச் சொல்லச் சொல்லு, கண்ண மூடிட்டு வாங்கிடறேன்."

இவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மழை. வண்டி எங்கும் போகவில்லை. இவர் அதற்குள் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க என்று வாசலில் நின்று கத்தி, கடைசியில் குடையோடு போய்க் கண்ணாடியைத் தட்ட வேண்டியதாயிற்று. கார் கிடைத்துவிட்டால் பெண்டாட்டி கண்ணில் படமாட்டாள்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று நெடுஞ்சாலைக்குப் போனோம். பின் சீட்டு ரொம்பத் தாழ்வு. உட்காரும்போது விழுகிறோம், எழுந்திருக்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். சொன்னேன். மற்றபடி நல்ல வண்டிதான், பள்ளம் மேடு தெரியவில்லை. ஆனால் வேகம் எடுத்ததும் இடது பின் கதவிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். மெல்லியதுதான், ஆனால் விடாமல் வருகிறது. பல் கூசுகிற மாதிரி. "இந்தக் கதவு விசிலடிக்குதுங்க" என்றேன். "ம்."

நல்ல வெயில், காலியான சாலை. இதை விட்டால் இவரிடம் பேச நேரம் கிடைக்காது என்று அந்த விஷயத்தை மறுபடி எடுத்தேன். எங்கள் ஆஸ்பத்திரி பக்கத்து மாவட்டத்தில் கிளை திறக்கிறது. அங்கே மருந்தகத்துக்கு என்னைத் தலைமையாகப் போகச் சொல்கிறார்கள். போனால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும், வாரக் கடைசியில்தான் வீடு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதைப் போன மாதமே ஒரு தடவை, இப்படிக் காரில் போகும்போதுதான், சொன்னேன். அன்றும் "ம்." இன்று எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு, நேராகவே கேட்டேன். "சொல்லுங்க, நான் போகட்டுமா, வேண்டாமா?"

"ம்" என்றார். பிறகு கியரைப் பற்றி ஏதோ சொன்னார்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கட்டுரையை அச்சடித்து மேஜை மேல் வைத்திருந்தார். எப்போதும் போல முதலில் நான் படிக்க வேண்டும், எழுத்துப் பிழை பார்க்க வேண்டும்.

படித்தேன். இடம்: நீலத்துக்கு முதலிடம். சிக்கனம்: வெள்ளை. சவாரி: சாம்பல். அமைதி: "மூன்றில் சாம்பல்தான் சிகரம். நெடுஞ்சாலையில் நூலகத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற நிசப்தம். பத்துக்கு ஒன்பதரை." 'பின் இருக்கை' என்ற தலைப்பின் கீழே முட்டிக்கு இடம் இருப்பதாக மூன்றே வரி. சீட்டு தாழ்வு என்று சொன்னது இல்லை. விசில் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை இங்கேயாவது எழுதுகிறேன். இத்தனை வருஷமா பின்னாடி மூட்டை மாதிரி உட்கார வெச்சுட்டு, நான் சொன்னதை எழுதி எழுதிப் பேர் வாங்கிட்டு, இப்ப நான் சொல்றது ஒரு பொருட்டே இல்ல. அப்ப எதுக்கு என்னைக் கூட்டிட்டுப் போகணும்? ஒரு அரிசி மூட்டையை வெச்சு பெல்ட் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?

விசில் போனால் போகிறது. நான் போகட்டுமா என்று கேட்டதற்கு ஒரு 'ம்'. போனாலும் சரி, இருந்தாலும் சரி, அவ்வளவுதானா நான்? முன்பெல்லாம் எவ்வளவு பேசுவார். வண்டியில் ஏறினால் இறங்கும்வரை வாய் ஓயாது. இரண்டு வருஷமாகத்தான் இப்படி. ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருக்கிறோம். டிவியை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிடுகிறார்.

எழுத்துப் பிழை மூன்று இருந்தது. திருத்தி வைத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேலாளர் கேட்டார். "வீட்ல பேசிட்டீங்களா மேடம்? சார் என்ன சொல்றாரு?" அவருக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். ஆட்சேபணை இருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

'சம்மதம்' என்று மேலாளருக்குச் செய்தி அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. கோபத்தில் அனுப்பக் கூடாது என்று இருக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

தம்பி துள்ளிக்கொண்டிருக்கிறான். இவர் அவனுக்குக் கட்டுரையை முன்கூட்டியே அனுப்பிவிட்டார் போல. "ஒன்பதரையாம்க்கா! மாமா அவ்வளவு சுலபத்துல மார்க் போடற ஆளா? நாளைக்கே போய் புக் பண்ணிடறேன்."

அவசரப்படாதே என்றேன். வண்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிறகு புக் பண்ணு என்றேன். "மாமா சொல்லிட்டாரே, அப்புறம் நான் என்னத்தப் பாக்கறது" என்றான். ஊரே இவர் காதை நம்புகிறது.

பிப்ரவரி 15, சனி

தம்பி வந்தான். அவனைப் பின்னால் இடது பக்கம் உட்கார வைத்து, நான் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டேன். இவர் உற்சாகமாக இருந்தார். நெடுஞ்சாலையைத் தொட்டதும் கையை விரித்து, "பாரு, எவ்வளவு நிசப்தம்னு பாரு" என்றார்.

தம்பி கதவையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து கண்ணாடி ஓரத்தில் காதை வைத்தான்.

"மாமா, விசிலடிக்குதே."

இவர் சாலையையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பிக்கு ஆலைக் குரல்; எட்டி முன்னால் போய்ச் சத்தமாகச் சொன்னான். "மாமா! கதவு விசிலடிக்குது!"

"எது? எந்தக் கதவு?"

"இதோ இப்பகூட அடிக்குதே. உங்களுக்குக் கேக்கலையா?"

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்குப் புரியவில்லை. பிறகு, "காத்து ஜாஸ்தி இன்னிக்கு" என்று முடித்துவிட்டார். தம்பி இறங்கும்போது என் காதில், "மாமாவுக்கு என்னாச்சுக்கா? கேட்டுட்டே கேக்காத மாதிரி இருக்காரு" என்றான். விட்டுக்கொடுக்க மாட்டார், எழுதியாச்சே என்றேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம், மருந்தக ஜன்னலில் நல்ல கூட்டம். ஒருவர் வந்தார், கனத்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். "சாப்பாட்டுக்கு முன்னாடி போடறீங்களா, பின்னாடியா?"

"ம்" என்றார்.

இது எங்கள் ஜன்னலில் தினமும் நடப்பது. காது மந்தமானவர்கள் 'என்ன?' என்று கேட்க மாட்டார்கள். கேட்டுக் கேட்டு வெட்கப்பட்டவர்கள் அவர்கள். எதைச் சொன்னாலும் ஒரு 'ம்' போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள், வீட்டில் போய் மாத்திரையை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அதனால்தான் நாங்கள் 'புரிஞ்சுதா?' என்று கேட்பதே இல்லை. இதுவா அதுவா என்று கேட்போம். அதற்கும் 'ம்' என்று பதில் வந்தால் கேட்கவில்லை என்று அர்த்தம். முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், உதடு தெரியும்படி மெதுவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான்.

அப்படியே முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். "ஓ, பின்னாடிம்மா, பின்னாடி" என்றார்.

கையில் மாத்திரை அட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

போகட்டுமா, வேண்டாமா? — ம்.

வாசலில் நின்று கத்தியது. டிவி. போன் பேசுவதையே விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் செய்தி அனுப்புவது. வீட்டுக்குள் எதிரெதிரே இருக்கும்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறவர், காரில் ஏறியதும் ஊமையாகிவிடுவது. காரில் நான் எங்கே இருக்கிறேன்? அவர் முதுகுக்குப் பின்னால். என் உதடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

அடுத்த ஆள் ஜன்னலைத் தட்டினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மருந்தைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாருக்கு என்ன கொடுத்தேன் என்று இரண்டிரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஊருக்கெல்லாம் கண்டுபிடிக்கிறவள். கூடவே இருக்கிற மனுஷனைத் தெரியலையே எனக்கு. ஆனால் ஒருவேளை நான் தப்பாக நினைக்கிறேனோ? கேட்டும் கேட்காதவர் மாதிரி இருக்கிறார் என்பதும் உண்மையாக இருக்கலாமே? இந்த இரண்டில் எது என்று தெரியாமல் என்னால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

விடுப்பு எடுத்தேன். மத்தியானம் வண்டியைத் திருப்பி எடுத்துப்போக வருகிறார்கள். அதற்கு முன்னால், பின் சீட்டை இன்னொரு தடவை பார்க்கணும் என்று சொல்லி இவரைக் கூப்பிட்டேன். முகத்துக்கு நேராகச் சொன்னேன், உடனே வந்தார்.

அவர் முன்னால், நான் பின்னால். இன்ஜின் அணைத்திருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. தெருச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. இவர் கொடுத்த ஒன்பதரைக்கு இது ஒன்றுதான் நியாயம்.

சாதாரணக் குரலில் சொன்னேன். "கிளை ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு முடிவு பண்ணிட்டேன். இனிமே நான் அங்கதான் இருப்பேன். நீங்க இங்க தனியா இருக்கணும்."

"ம்" என்றார். கையால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்குதா இல்லையான்னே எனக்குத் தெரியல."

"ம்."

நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் முன்னால் நகர்ந்து, அவர் தோளைத் தொட்டேன். திரும்பினார். முகத்துக்கு நேராக, முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். கிளை ஆஸ்பத்திரி. அங்கேயே தங்குவது. நீங்கள் தனியாக.

முகம் வெளுத்துப்போனது. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. "என்னது? எந்த ஆஸ்பத்திரி? எப்ப? நீ ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"ரெண்டு தடவை சொன்னேன். இந்த வண்டியில ஒரு தடவை. இப்ப மூணாவது."

"எப்ப சொன்னே?"

"இப்பத்தான். நீங்க 'ம்' சொன்னீங்க."

என்னை மீறி அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருஷமாக இந்த மனிதர் என்னை ஒதுக்கிவிட்டார் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். அப்படியில்லை. காது கேட்கவில்லை. அவ்வளவுதான். கடவுளே, அவ்வளவுதான்!

"உங்களுக்குக் காது சரியா கேக்கலைங்க" என்றேன்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார்.

பிப்ரவரி 19, புதன்

நேற்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இன்று காலை வெடித்தார். "எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீதான் வாய்க்குள்ளேயே பேசறே. இப்பல்லாம் எல்லாருமே வாய்க்குள்ளேயே பேசறாங்க." உலகமே சேர்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டதாம், இவர் மட்டும் அப்படியே இருக்கிறாராம்.

பிப்ரவரி 20, வியாழன்

மூன்று கம்பெனிகளுக்கும் போய், சாம்பலோடு வெள்ளை, நீலத்தையும் ஒவ்வொரு மணி நேரத்துக்கு வாங்கிக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார். சத்தத்தை அளக்கிற கருவி ஒன்று அலுவலகத்தில் கிடக்கிறது, இதுவரை இவர் அதைத் தொட்டதில்லை. 'அது மெஷின், என்னுது அனுபவம்' என்பார். இன்று அதைப் பின் கதவில் ஒட்ட வைத்து ஓட்டியிருக்கிறார்.

சாயங்காலம் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "கருவி காட்டுது. வெள்ளை, நீலம் ரெண்டையும் விட சாம்பல்லதான் சத்தம் ஜாஸ்தி. வண்டியை ஓரமா நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டேன். அது டிக் டிக்குன்னு அடிக்கும் இல்ல? கேக்கல. நான் என்ன நெனச்சிட்டு இருந்தேன் தெரியுமா? இப்ப வர கார்லல்லாம் அந்தச் சத்தத்தையே எடுத்துட்டாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

சிரித்தேன். சிரிக்கக் கூடாதுதான். அவரும் சிரித்தார். பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டார். "என்னை நம்பி எத்தனை பேர் வாங்கியிருப்பாங்க" என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பத்திரிகை ஆசிரியைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என்னை உதவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அச்சுக்குப் போகாமல் நிறுத்தச் சொன்னார். அந்தப் பெண் நல்ல பெண். வயதில் சின்னவள்தான். "சார், உங்க காலும் கையும் இடுப்பும் போதும் எனக்கு. காதை மட்டும் வேற யார்கிட்டயாவது வாங்கிக்கலாம்" என்றாள். அதை இவருக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் வெளியே இருந்து பார்த்தேன். நிறைய நேரம் அவர் விரல் அசையவே இல்லை. பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

தாழ்ந்த சத்தமெல்லாம் கேட்கிறதாம். இன்ஜின் உறுமல், டயர் உருளுவது, பள்ளத்தில் இடிப்பது எல்லாம் சரி. கீச்சென்ற சத்தங்கள்தான் போய்விட்டன. விசில், மணி, பெண்களின் குரல்.

"பெண்கள் குரலா?" என்று கேட்டார் இவர். அதை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

பிப்ரவரி 26, புதன்

மேலாளரிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். மார்ச் கடைசி வரை தருகிறேன் என்றார். நல்ல மனிதர்.

மார்ச் 5, புதன்

பத்திரிகை வந்தது. சாம்பலுக்கு அமைதியில் இப்போது ஆறு. முதலிடம் நீலம். அந்தப் பகுதியின் கீழே இவர் எழுதியிருக்கிறார்: "என் காது இப்போது எல்லாச் சத்தத்தையும் பிடிப்பதில்லை என்று இந்த வண்டியில்தான் தெரிந்துகொண்டேன். அமைதி பற்றி இங்கே எழுதியிருப்பது பின் இருக்கையில் இருந்தவர் சொன்னதும் கருவி காட்டியதும். என் பழைய மதிப்பெண்களை நம்பி வாங்கி, சத்தத்தால் அவதிப்படுகிறவர்கள் எனக்கு எழுதலாம், திட்டலாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது, சொன்னேன். முகத்துக்கு நேராகத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வண்டி வாங்கிவிட்டான். எது? சாம்பல்!

"ஏண்டா, அமைதி அமைதின்னு உயிரை எடுத்தியே?"

"நீலத்தைப் பாக்கத்தான் போனேன்க்கா, பக்கத்து ஷோரூம்ல இது நிக்குது. அந்தக் கலரைப் பாத்ததும் மனசு போயிடுச்சு. விசில்தானே, ஆலைச் சத்தத்துக்கு முன்னாடி அதெல்லாம் தாலாட்டு."

இதைக் கேட்டு இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு மாதம் மூன்று வண்டியை ஓட்டி, கருவி வைத்து அளந்து, ஊரறிய மானத்தை விட்டு எழுதியது எதற்கு? கலருக்கு இவர் மதிப்பெண்ணே போடுவதில்லை.

மார்ச் 15, சனி

காது கேட்கும் கருவி வந்துவிட்டது. பட்டாணி அளவுதான், காதுக்குப் பின்னால் தெரியவே இல்லை. ஆனால் இவர் அதை வைத்துக்கொண்டு போடும் ஆட்டம்! பத்திரிகைத் தாள் சரசரப்பது இடி மாதிரி கேட்கிறதாம். பிரிட்ஜ் முனகுகிறதாம். "நீ நடந்தா செருப்பு இவ்வளவு சத்தம் போடுமா? எப்படி இத்தனை நாள் பொறுத்துக்கிட்டு இருந்தே?" எனக்கு எப்போதுமே கேட்கிறதுதான், பழகிவிட்டது என்றேன்.

டிவியை இவரே குறைத்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மார்ச் 19, புதன்

காதுக் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். தலைவலியாம். சாப்பிடும்போது எடுத்து மாட்டிக்கொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

கிளை ஆஸ்பத்திரி விஷயத்தை இன்று முறையாகப் பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்கு எழுதுவது. சண்டை.

"இந்த வயசுல தனி ரூம் எடுத்துத் தங்கி என்ன சாதிக்கப் போறே?"

"தலைமைன்னு சொல்றாங்க. இருபது வருஷமா இதே ஜன்னல்ல நிக்கறேன். ஒரு மருந்தகத்தை முதல்லேருந்து நானே அமைக்கணும்னு ஆசையா இருக்கு."

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்க, காரைத்தான் எங்க வேணா ஓட்டலாமே."

"பத்திரிகை இங்க இருக்கு, கம்பெனிக்காரங்க இங்க இருக்காங்க. நான் எப்படி வர்றது? போகக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நானும் கத்தினேன். பிப்ரவரியில் இதே கேள்விக்கு இவர் ஒரு 'ம்' சொன்னபோது எவ்வளவு சுலபமாக இருந்தது — போ, போய்த்தொலை என்று நானே சம்மதம் எழுதி வைத்தேன். இப்போது என்னடாவென்றால் ஒரு காரணம் சொன்னால் மூன்று காரணம் திரும்பி வருகிறது. போனால் இவர் மனசு கஷ்டப்படும் என்று நன்றாகத் தெரிகிறது. அப்படியும் போக ஆசையாக இருக்கிறது. முன்பு தெரிந்ததெல்லாம் அரைகுறை. இப்போதுதான் இது உண்மையிலேயே கஷ்டமான முடிவு.

மார்ச் 25, செவ்வாய்

மேலாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். சம்மதம். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன். எழுந்து போய்த் துணி காயப்போடுகிற இடத்தில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

இதைப் புது அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு கட்டில், ஒரு மேஜை, தெருவைப் பார்த்த ஜன்னல். சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை. மருந்தகம் நடந்து போகிற தூரம்தான்.

இவர்தான் கொண்டுவந்து விட்டார். இந்த மாதம் ஏதோ பெரிய குடும்ப வண்டி, மூன்று வரிசை. பெட்டி படுக்கை எல்லாம் அதில் தாராளமாக அடங்கியது. வேலையை விடுவாரா? என்னை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார். அங்கேயிருந்து அவர் தலை எனக்கு எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிந்தது.

வழியெல்லாம் ஒரே வாக்குவாதம். அறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, நேற்று அறையைப் பார்க்க வந்தபோதே கவனித்தேன் என்றார். மாற்றிக்கொள்கிறேன் என்றேன். நீ மாற்ற மாட்டாய் என்றார். வீட்டில் அடுப்பை அணைத்தீர்களா என்று தினமும் கேட்பேன் என்றேன். நான் என்ன குழந்தையா என்றார். பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்கு நானே முணுமுணுத்தேன். "வேண்டாம்னா வேண்டாம்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்."

இரண்டு வரிசைக்கு முன்னாலிருந்து பதில் வந்தது. "முதல்ல கேட்டிருந்தா முதல்லயே சொல்லியிருப்பேன்."

பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்தார். தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுத் திறந்து பார்த்து, கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து, அவரே முடுக்கினார். கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல், "எனக்கு இது கொஞ்சம்கூடப் பிடிக்கல. சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

வண்டி தெருமுனை திரும்புகிறவரை ஜன்னலில் நின்றேன். ஒருவர் பிடிக்கவில்லை என்று சொல்லச் சொல்ல, அவரை மீறிக் கிளம்பி வந்திருக்கிறேன். அழுகையாக வருகிறது. நிம்மதியாகவும் இருக்கிறது. நாளை காலை சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.